எண் கேட்கும் எத்தர்கள்!

"எண் இருக்கிறதா?" என்று கேட்கிறான் ஒருவன். "இல்லை" என்று தலை குனிகிறான் இன்னொருவன். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே ஓர் இளைஞனின் உழைப்பு களவு போகிறது, தோழனே! கன்னக்கோல் இல்லை, கத்தி இல்லை, கதவுடைப்பு இல்லை. பட்டப்பகலில், பலர் நடமாடும் கடைத்தெருவில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கனிந்த முகத்தோடு நடைபெறுகிறது அந்தக் களவு. நடைபெறும் இடமோ இலண்டன் மாநகரம். களவு கொடுப்பவன் யார் என்கிறாயா? நிலத்தை ஈடு வைத்து, தாயின் தாலிக்கொடியையும் வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் உறங்க வைத்துவிட்டு, முதுகலைப் பட்டம் பெறப் பறந்து சென்ற நம் வீட்டுப் பிள்ளை!

நாடகம் எழுதிப் பழகிய கை இது. நடப்பதை விளக்கிச் சொல்வதைவிட நடித்துக் காட்டுவது எனக்கு எளிது. திரையை உயர்த்துகிறேன், பார்.

இடம்: கிழக்கு இலண்டனில் ஒரு மளிகைக் கடை. காலம்: கார்த்திகைக் குளிர்.

கடைக்காரர்: வா தம்பி, வா! ஊரிலே எந்தப் பக்கம்?

இளைஞன்: திருவாரூர்ப் பக்கம், அண்ணே. இங்கே வேலை இருக்கிறது என்று அறைத் தோழன் சொன்னான்.

கடைக்காரர்: இருக்கிறது, இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைக்கு இல்லாத வேலையா! என்.ஐ. நம்பர் வந்துவிட்டதா?

இளைஞன்: விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அண்ணே. கடிதம் இன்னும் வரவில்லை.

கடைக்காரர்: அடடா! நம்பர் இல்லாதவனுக்கு வேலை கொடுத்தால் சட்டம் என் கழுத்தையல்லவா நெரிக்கும்! (சிந்திப்பதுபோல் சற்றே மௌனம்) சரி, முகத்தைப் பார்த்தால் மனம் கேட்கவில்லை. நம்பர் வருகிற வரைக்கும் கணக்கிலே சேர்க்காமல் செய். மணிக்கு ஆறு பவுண்டு. கையிலே தந்துவிடுகிறேன்.

இளைஞன்: சட்டப்படி அதற்கு மேலே என்று...

கடைக்காரர்: சட்டப்படி என்றால் நம்பரோடு வா, தம்பி! கதவு திறந்தே இருக்கும்.

திரை விழட்டும்.

கண்டனையா அந்தக் கனிவை! தம்பி என்கிறார், ஊர் கேட்கிறார், உள்ளம் உருகுகிறது என்கிறார். உருகிய உள்ளம் எதை வார்க்கிறது? மணிக்கு ஆறு பவுண்டை! அந்த நாட்டிலே 21 வயது நிரம்பிய தொழிலாளிக்குத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டு என்று உயர்த்தப்பட்டது. 2026 ஏப்ரல் முதல் 12.71 பவுண்டு என்றும் அறிவிக்கப்பட்டது. பாதிக் கூலியைக் கையிலே திணித்துவிட்டுப் பரோபகாரி என்று பெயரும் வாங்கிக்கொள்ளும் இந்த வித்தையை, நான் எழுதிய எந்த நாடகத்தின் வில்லனுக்கும் நான் கற்றுக்கொடுத்ததில்லை.

அந்தக் கனிவின் அடியிலே கிடப்பது ஒரு பொய், தோழனே. "எண் இல்லாமல் வேலை தரக் கூடாது" என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை! பிரித்தானிய அரசே தெளிவாகச் சொல்லுகிறது: அந்நாட்டில் பணியாற்றும் உரிமை உனக்கு உண்டு என்று மெய்ப்பிக்க முடிந்தால், தேசியக் காப்பீட்டு எண் வந்து சேரும் முன்பே நீ வேலையைத் தொடங்கலாம். எண்ணுக்கு விண்ணப்பித்திருந்தால் போதும். வந்தவுடன் முதலாளியிடம் தெரிவித்தால் போதும். முதலாளி பார்க்கவேண்டியது எண்ணை அன்று, பணியுரிமையை. அதற்கென்று இணையத்தில் பகிர்வுக் குறியீடு ஒன்றை மாணவன் எடுத்துத் தருகிறான். அதை இட்டுப் பார்த்தால் அவன் யார், எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம், எந்த நாள் வரை செய்யலாம் என்பதெல்லாம் முதலாளியின் கண்முன் விரிகிறது. அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை!

"கழுத்தை நெரிக்கும் சட்டம்" என்றாரே, அப்படி ஒரு சட்டம் இருப்பது உண்மை. பணியுரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால், ஆள் ஒன்றுக்கு 45,000 பவுண்டு வரையிலும், மீண்டும் அதே தவறு செய்தால் 60,000 பவுண்டு வரையிலும் தண்டம் என்று 2024 பிப்ரவரியில் உயர்த்தினார்கள். ஆனால் அந்தத் தண்டம் உரிமை இல்லாதவரை வைத்ததற்கு. எண் வராதவரை வைத்ததற்கு அன்று! இன்னும் கேள்: எண்ணை மட்டும் காட்டினால் அது பணியுரிமைக்குச் சான்றாகவும் ஆகாது. ஆக, கேட்கவேண்டியதைக் கேட்காமல், கேட்கத் தேவையற்றதைக் கேட்டு, இல்லை என்றதும் கூலியைப் பாதியாக்குகிறார் இந்தப் புண்ணியவான். தெரியாமல் கேட்பவரும் உண்டு. இல்லையென்று நான் சொல்லவில்லை. தெரியாதவரிடம் எடுத்துச் சொன்னால் திருந்திவிடுவார். எடுத்துச் சொன்ன பிறகும் "எண்ணோடு வா" என்பவர் இருக்கிறாரே, அவருக்குத்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பைச் சூட்டியிருக்கிறேன்.

அப்படியானால் அந்த எண்தான் என்ன? இரண்டு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. நம்மவர் வாயிலே என்.ஐ. நம்பர், ஈழத்து உடன்பிறப்புகள் தேசிய காப்புறுதி இலக்கம் என்பார்கள். அந்நாட்டில் வளரும் பிள்ளைக்குப் பதினாறு வயது நிரம்பும் தறுவாயில் வீடு தேடி வருகிறது. வெளிநாட்டிலிருந்து போகிறவன் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு விண்ணப்பித்துப் பெறவேண்டும். இங்கிருந்தபடியே பெற இயலாது. கட்டணம் ஒரு காசும் கிடையாது. "முன்கூட்டியே எடுத்துத் தருகிறேன், இவ்வளவு செலவாகும்" என்று எவனாவது உன்னிடம் சொன்னால், அவனுக்கு நீ தரவேண்டியது வாசற்படியின் வழிதான்! முன்பெல்லாம் நேரில் அழைத்து விசாரித்துத் தந்தார்கள். 2020இல் கொள்ளை நோய்க் காலத்தில் அந்த நேர்காணல் நின்றது. 2021 முதல் இணையவழி விண்ணப்பம் வந்தது. அடையாளத்தை மெய்ப்பித்த பிறகு நான்கு வாரம் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

அந்த நான்கு வாரம்தான் அறுவடைக் காலம் எத்தர்களுக்கு!

எண் என்பது கணக்குப் புத்தகத்தின் தலைப்பெண், தோழனே. அனுமதிச் சீட்டு அன்று. நீ உழைத்தது, உன் ஊதியத்திலிருந்து பிடித்தது, உனக்காக முதலாளி கட்டியது ஆகியவற்றை உன் பெயரில் எழுதிவைக்கும் ஏட்டின் எண். ஏடு வரத் தாமதமானால் எழுத்தைத் தாமதப்படுத்தலாம். உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறைக்க என்ன நியாயம்? அதுவும் தாமதமாகத் தேவையில்லை. எண்ணுக்குரிய இடத்தை வெற்றிடமாக விட்டு, பெயரும் பிறந்த நாளும் முகவரியும் எழுதி முதலாளி கணக்கை அனுப்பலாம். வருமான வரிக்குத் தொடக்கப் படிவம் ஒன்றை நிரப்பித் தந்துவிட்டால் அந்தச் சிக்கலும் பெரும்பாலும் தீரும். கூடுதலாகப் பிடித்துவிட்டாலும் பிற்பாடு திரும்பி வரும். வழி இத்தனை இருக்க, "வழியே இல்லை, தம்பி" என்கிறாரே!

சரி, கணக்கிலே சேர்த்தால் என்ன குடி முழுகிப் போகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே உதறியவன்தான் நான். ஆனாலும் பெருக்கல் வாய்பாடு அதற்கு முன்பே கற்றதாயிற்றே! பட்டப் படிப்பு மாணவன் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிதான் வேலை செய்யலாம். 2025-26ஆம் ஆண்டின் கூலிப்படி 20 மணிக்கு 244 பவுண்டு 20 பென்ஸ். வாரத்தில் 242 பவுண்டுக்கு மேல் பெறுவதில் நூற்றுக்கு எட்டு அவன் காப்பீட்டுக்குக் கட்டவேண்டும். இரண்டு பவுண்டு 20 பென்ஸில் நூற்றுக்கு எட்டு! ஏறத்தாழ 18 பென்ஸ். வருமான வரியைச் சேர்த்தாலும் மொத்தப் பிடித்தம் ஒரு பவுண்டைத் தொடாது. அந்த ஒரு பவுண்டைக் காப்பாற்றித் தருவதாகச் சொல்லி, வாரத்துக்கு 124 பவுண்டு 20 பென்ஸை விழுங்குகிறார் வள்ளல்! நான்கு வாரத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பவுண்டு.

"எனக்கும் செலவு உண்டே! முதலாளியும் காப்பீடு கட்டவேண்டுமே!" என்பார். உண்மை. 2025 ஏப்ரல் முதல் முதலாளியின் பங்கு நூற்றுக்கு 15 ஆயிற்று. ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஊதியத்துக்கெல்லாம் அது உண்டு. நம் மாணவனுக்காக வாரத்துக்கு 22 பவுண்டு சொச்சம் கட்டவேண்டிவரும். ஆனால் சிறு முதலாளிகளுக்கு ஆண்டுக்கு 10,500 பவுண்டு வரை அந்தப் பங்கில் தள்ளுபடி தந்திருக்கிறதே அந்நாட்டு அரசு, அதை ஏன் அவர் வாய் சொல்லவில்லை? இப்படி 20 மணி வேலை பார்க்கும் ஒன்பது பேரை மட்டும் வைத்திருக்கும் கடை, அந்தத் தள்ளுபடியினால் காப்பீட்டுப் பங்காக ஒரு பென்னியும் கட்டாமலே போகலாம்! காப்பீட்டுச் சுமை தாங்காமல் இடுப்பொடிந்து போகிறவராக நடிக்கிறாரே, அந்த இடுப்பு ஒடியவில்லை. வளைந்தது பிறர் பையிலிருந்து எடுப்பதற்காக.

கணக்கிலே வராத உழைப்புக்கு இன்னொரு பெயர் உண்டு: நடக்காத உழைப்பு. சம்பளச் சீட்டு இல்லை. விடுமுறை ஊதியம் இல்லை. கூலி தராமல் கைவிரித்தால், "இவன் யார்? என் கடையிலே எப்போது வேலை பார்த்தான்?" என்று கேட்கலாம். பிறகு மெல்ல மெல்ல இருபது மணி இருபத்தைந்தாகும், முப்பதாகும். அதுதான் வலையின் கடைசி முடிச்சு. இருபதைத் தாண்டியதும் மாணவனே விசா விதியை மீறியவன் ஆகிவிடுகிறான். தாண்ட வைத்தவர் அதைச் சொல்லியே மிரட்டலாம். "புகார் செய்வாயோ? செய் தம்பி, முதலில் விமானம் ஏறப்போவது யார் பார்ப்போம்!" என்னும்போது அந்தத் தம்பி என்ற சொல்லின் சுவையே மாறிவிடுகிறது.

இந்த எண்ணும் ஏடும் எத்தர்களின் ஆயுதமாக வேண்டும் என்று பிறந்தவை அல்ல. அவற்றின் பிறப்பிலே ஒரு போராட்டம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்த ஏட்டில் எழுதுகிறவனுக்கு அழகாகாது. செர்மனியில் பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். பொதுவுடைமையாளரின் வளர்ச்சி கண்டு அஞ்சிய இரும்பு மனிதரின் இரக்கம் அது! அந்த ஏற்பாட்டை 1908இல் நேரில் கண்டுவந்தார் லாயிட் ஜார்ஜ். 1911இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளி வாரத்துக்கு நான்கு பென்ஸ், முதலாளி மூன்று பென்ஸ், அரசு இரண்டு பென்ஸ். "நாலு கொடுத்தால் ஒன்பது" என்பதுதான் அன்றைய முழக்கம். 1912 சூலையில் வசூல் தொடங்கியது. அட்டையில் வில்லை ஒட்டுவார்கள். அதற்கே என்ன எதிர்ப்பு! வேலைக்காரப் பெண்ணின் அட்டையில் வில்லையை நாவால் நனைத்து ஒட்டுவதா என்று சீமாட்டிகள் சினந்தெழுந்து, 1911 நவம்பரில் ஆல்பர்ட் மண்டபத்தில் கூட்டமே போட்டார்கள். உழைப்பவளின் உழைப்பை நாவாரச் சுவைத்தவர்களுக்கு வில்லையின் பசை மட்டும் கசந்ததாம்!

பிறகு பெரும்போர். குண்டுமழைக்கு நடுவே 1942இல் பெவரிட்ச் அறிக்கை வந்தது. வறுமை, நோய், அறியாமை, அழுக்கு, வேலையின்மை என்று ஐந்து அரக்கர்களை அடையாளம் காட்டிய அந்த அரசாங்க அறிக்கையை, கதைப் புத்தகம் வாங்குவதுபோல் வரிசையில் நின்று வாங்கினார்கள் மக்கள். 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியவர் ஜேம்ஸ் கிரிஃபித்ஸ். யார் அவர்? பதின்மூன்று வயதில் வேல்சு நாட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுரங்கத்தின் இருளைச் சுவாசித்தவன் சட்டம் எழுதினால் அதில் வெளிச்சம் இருக்கும், தோழனே! 1948 சூலை 5ஆம் நாள் அந்தச் சட்டமும், இலவச மருத்துவப் பணியும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. நம் நாட்டிலும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் அதே 1948இல்தான் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 1952 ஆயிற்று. அந்தக் கதையை எடுத்தால் ஒப்பந்தக்காரர்களைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை வேண்டும். பிறகொரு ஞாயிறு பார்த்துக்கொள்வோம்.

அந்த 1948 சூலைக்குப் பதின்மூன்று நாள் முன்னதாக, சூன் 22 அன்று, விண்ட்ரஷ் என்ற கப்பல் டில்பரித் துறைமுகத்தில் நின்றது. கரீபியத் தீவுகளிலிருந்து உழைக்க வந்த கறுப்பின மக்கள் அதிலிருந்து இறங்கினர். அவர்களும் அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும் பேருந்து ஓட்டினார்கள், மருத்துவமனைகளில் பணி செய்தார்கள், எண் பெற்றார்கள், பல பத்தாண்டுகள் காப்பீடு கட்டினார்கள். முடிவு என்ன? 2018இல் உலகமே அறிந்து தலைகுனிந்தது! அந்தத் தலைமுறையினர் பலரிடம், "நீ இங்கே வாழ்ந்ததற்கு ஆண்டுதோறும் ஆதாரம் கொண்டுவா" என்றது அதே அரசு. வேலை இழந்தார்கள், மருத்துவம் மறுக்கப்பட்டார்கள், நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு. உள்துறை அமைச்சர் பதவி விலகினார். வாங்கும்போது எண் தெரிந்தது, வழங்கும்போது மனிதனையே தெரியவில்லை! மளிகைக் கடைக்காரரை மட்டும் குற்றம் சாட்டிவிட்டுப் போய்விடலாகாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். சிறு எத்தருக்கு முன்னோடியாகப் பெரிய எத்தர் ஒருவர் வெஸ்ட்மின்ஸ்டரில் அமர்ந்திருக்கிறார்.

அவருடைய கணக்கையும் பார்ப்போமே. மருத்துவப் பணி இலவசம் என்று 1948இல் அறிவித்தார்கள் அல்லவா? வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு மட்டும் 2015 முதல் மருத்துவக் கூடுதல் கட்டணம் என்று ஒன்று வைத்தார்கள். அன்று ஆண்டுக்கு 200 பவுண்டு. 2024 பிப்ரவரியில் அது 1,035 பவுண்டாயிற்று, மாணவருக்கு 776. விசா பெறும்போதே முன்பணமாகக் கட்டிவிட வேண்டும். சென்று இறங்கி வேலையில் சேர்ந்தால் வருமான வரியும் உண்டு, காப்பீடும் உண்டு. அந்த இரண்டிலிருந்தும்தான் அதே மருத்துவப் பணிக்குப் பணம் போகிறது. ஒரு மருந்துக்கு இருமுறை விலை! இதற்கு எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்; ஏட்டில் எழுதக் கூசுகிறது.

ஓய்வூதியம்? அதைத்தான் அண்மையில் ஒரு கூட்டம் முடிந்து மேடையை விட்டிறங்கியபோது பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். "என் மகன் நான்கு வருடம் அங்கே கட்டினானே, திரும்பி வந்துவிட்டான், அந்தப் பணம் வருமா, தம்பி?" என்றார். வராது ஐயா என்றேன். முகம் வாடிப் போய்விட்டது. 2016 ஏப்ரலுக்குப் பின் ஓய்வூதிய வயதை அடைகிறவர்களுக்கு, குறைந்தது பத்து ஆண்டுக் கணக்கு இருந்தால்தான் எதுவும் கிடைக்கும்; முழுத் தொகை பெற முப்பத்தைந்து ஆண்டு. நாட்டை விட்டுப் புறப்படுகிறவனுக்குக் கட்டியதைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. ஓராண்டுப் படிப்பு, ஈராண்டு வேலை என்று போய் வருகிற நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் பத்தைத் தொடுவதே இல்லை. அவர்கள் கட்டியது எங்கே போகிறது? இன்றைய பிரித்தானிய முதியோரின் ஓய்வூதியத்துக்குப் போகிறது. ஏனெனில் அந்த நிதியில் இன்று வருவது இன்றே செலவாகிறது. எவர் பெயரிலும் தனிப் பெட்டியில் உறங்குவதில்லை. ஆங்கிலேய மூதாட்டி ஒருத்தியின் கணப்படுப்பு எரிவதற்கு நம் பிள்ளை கட்டிய காசும் உதவுகிறது. அதில் நமக்கு வருத்தமில்லை. மூதாட்டி எந்நாட்டவளாயினும் குளிர் ஒன்றுதான். ஆனால் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "எங்கள் நலத்திட்டங்களைச் சுரண்ட வந்தவன்" என்று அங்கே சில அரசியல்வாதிகள் மேடையில் முழங்குகிறார்களே, அதற்கு என்ன பெயர்? கட்டிவிட்டுத் திரும்புகிறவன் சுரண்டல்காரன், வாங்கிக்கொண்டு ஏசுகிறவன் நாட்டுப்பற்றாளன்!

பத்தாண்டு, இருபதாண்டு பாடுபட்டு முடித்துவிட்டு, தாய்மண்ணில் கண்மூட வருகிறவன் கதையைக் கேள். 2025-26இல் முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 230 பவுண்டு 25 பென்ஸ். அங்கே இருப்பவருக்கு ஆண்டுதோறும் உயரும். அமெரிக்காவில் குடியேறினாலும் உயரும், பிலிப்பைன்ஸ் போனாலும் உயரும். இந்தியா வந்தால்? வந்த அன்று எவ்வளவோ அதே தொகை, சாகும் வரை! உறைந்த ஓய்வூதியம் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஒரே எண், ஒரே உழைப்பு, ஒரே கட்டணம். விமானம் சென்னையில் இறங்கினால் தொகை உறைகிறது, மணிலாவில் இறங்கினால் வளர்கிறது. நம் வெயிலில் உறையும் பொருள் உலகில் அது ஒன்றுதான்.

"ஒப்பந்தம் போட்டுவிட்டோமே!" என்று தில்லியிலிருந்து குரல் வரும். 2025 சூலை 24 அன்று இந்தியாவும் பிரித்தானியாவும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இரட்டைக் காப்பீட்டுக் கட்டண விலக்கு என்ற ஏற்பாட்டுக்கும் அதையொட்டி இசைந்தார்கள். விலக்கு யாருக்கு? இந்திய நிறுவனம் தன் ஊழியரைத் தற்காலிகமாக அங்கே அனுப்பினால், குறிப்பிட்ட காலம் வரை அந்த நிறுவனமும் ஊழியரும் அங்கே காப்பீடு கட்ட வேண்டியதில்லை. இங்கேயே வைப்பு நிதியில் கட்டலாம். கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கேயே வேலை தேடிக்கொண்ட மாணவன், முதியோர் இல்லத்தில் பணிபுரியும் பெண், உணவகச் சமையற்கட்டில் நிற்பவன், இவர்களுக்கு அந்த விலக்கில் இடமில்லை. பெருநிறுவனங்களின் பேரேட்டைப் பேச்சு மேசையில் விரித்தவர்கள், தனித்து நிற்கும் தொழிலாளியின் நான்கு ஆண்டுக் கணக்கையும் அருகிலே வைத்திருக்கலாகாதா? அங்கே கட்டிய ஆண்டுகளை இங்கே சேர்த்து எண்ண ஒரு விதி, உறைந்த ஓய்வூதியத்தை உருக்க ஒரு விதி, இந்த இரண்டையும் கேட்கத் தடுத்தது எது?

"அயல்நாட்டுச் சட்டம், நம்மூர் ஏட்டில் ஏன் இந்த ஆரவாரம்?" என்று நடுநிலை நாயகர் எவரேனும் கேட்கக்கூடும். அய்யா! போனது யார் பிள்ளை? ஈடு வைத்தது யார் நிலம்? அந்த ஐந்நூறு பவுண்டை இங்கே வட்டிக்குக் கட்டவேண்டியிருப்பது யார்? சட்டம் அயலாருடையதாக இருக்கட்டும், கடன் நம்முடையது!

பயணமாகும் பிள்ளைக்கு ஊறுகாய்ப் புட்டியும் கம்பளிச் சட்டையும் பொட்டலம் கட்டுகிறோம். கூடவே ஒரு தாள் போகவேண்டும் என்கிறேன். போய் இறங்கிய வாரமே விண்ணப்பம் போடு, கட்டணம் இல்லை. எண் வரும் வரையில் காத்திராதே. பகிர்வுக் குறியீட்டைக் காட்டி வேலையில் சேர். 2020 ஏப்ரல் முதல், வேலை தொடங்கும் நாளிலேயே நிபந்தனைகளை எழுத்தில் தரவேண்டும் என்பது அங்கே சட்டம், கேட்டு வாங்கு. சம்பளச் சீட்டு இல்லாத கூலியைத் தொடாதே. குறைந்தபட்சக் கூலியில் குறை வைத்தவரிடம் ஆறாண்டு வரை பின்னோக்கிச் சென்று பாக்கியை வசூலிக்க அங்கே வழியிருக்கிறது; எனவே நாளும் நேரமும் உன் குறிப்பேட்டில் எழுதி வை. இருபது மணியைத் தாண்டாதே, எந்த அண்ணன் சொன்னாலும்!

இவ்வளவுதான் அந்தத் தாளில் இருக்கவேண்டியது. தமிழில் இருக்கவேண்டும். பிள்ளையை அனுப்பி வைக்கத் தரகு வாங்கும் முகவர்கள் தங்கள் செலவில் அச்சடித்துத் தரட்டும். வாங்கும் தொகைக்கு அது ஒரு தூசு. அயலகத் தமிழர் நலனுக்கென்று ஒரு துறையே வைத்திருக்கும் நம் மாநில அரசு, சென்னை, திருச்சி, கோவை, மதுரை விமான நிலையங்களில் அதை ஒவ்வொரு பயணி கையிலும் தரட்டும். நம் கிளைக் கழகத் தோழர்கள், பிள்ளை வெளிநாடு போகிற வீடு எது என்று அறிவார்கள். அவர்களே ஒரு மாலை நேரம் போய்ப் படித்துக் காட்டலாம். செப்டம்பரில் அங்கே பல்கலைக்கழகங்கள் திறக்கின்றன. ஆகஸ்டுக்குள் தாள் ஆயத்தமாக வேண்டும்.